ஸ்டாக் இல்லை

எங்கள் கம்பெனிக்குப் போன் செய்கிறவர்கள் பெரும்பாலும் எரிச்சலோடுதான் செய்வார்கள். பார்சல் வரவில்லை, பில்லில் கல்லூரியின் பெயர் தப்பு, போன மாதம் வந்த புட்டியில் மூடி சரியில்லை. ஒன்பது வருஷமாக அந்த எரிச்சலைக் காதில் வாங்கிக்கொண்டு "பார்க்கிறோம் சார்" என்று சொல்வதுதான் என் வேலை.

நாங்கள் விற்பது மனித உடம்பில் இருக்கும் புரதங்களின் நகல்களை. மனிதர்களிடமிருந்து எடுப்பதில்லை. அந்தப் புரதத்துக்கான ஜீனை வெள்ளெலிச் செல்லுக்குள் நுழைத்து, செல்களைப் பெரிய தொட்டியில் வளர்த்து, அவை சுரப்பதை வடிகட்டி எடுக்கிறார்கள். சுண்டுவிரல் நுனி அளவு புட்டி, அதற்குள் இரண்டு சொட்டு. பார்த்தால் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். ஆராய்ச்சிக் கூடங்கள் வாங்கிக்கொள்ளும். லேபிளில் பெயர், லாட் நம்பர், "மைனஸ் எண்பதில் வைக்கவும்", அதற்குக் கீழே தடித்த எழுத்தில் "ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதர்களுக்குச் செலுத்தக் கூடாது." நான் படித்தது காமர்ஸ். இதெல்லாம் சீட்டில் உட்கார்ந்தபடியே காதில் விழுந்து ஏறிய அறிவு.

அவர் முதல்முறை போன் செய்தபோது எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. குரலில் எரிச்சலே இல்லை.

"மேடம், இந்த ரிசெப்டர் புட்டி இருக்கில்ல, அது வெளியில எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ட்ரை ஐஸோட மூணு நாள் தாங்கும் சார்."

"கையில வாங்கி ஃப்ரீசர்ல வெச்சுட்டோம்னு வைங்க. கதவை ஒரு நாளைக்கு ரெண்டு தடவை திறந்தா உள்ள எவ்வளவு டிகிரி ஏறலாம்னு ஏதாவது கணக்கு வெச்சிருக்கீங்களா?"

ஒன்பது வருஷத்தில் ஒரு பேராசிரியர்கூட இதைக் கேட்டதில்லை. ரொம்ப விஷயம் தெரிந்த ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, எந்த லேப் என்று கேட்டேன்.

"லேப் இல்லைம்மா. நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்."

அவருக்கு ஒரே பெண், பதிமூன்று வயது. சின்ன வயதிலிருந்தே சளி பிடித்தால் நெஞ்சுக்கு இறங்கிவிடுமாம், நெஞ்சிலிருந்து ரத்தத்துக்கு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து கடைசியில் ஒரு டாக்டர் ஜீன் டெஸ்ட் எடுத்துக் காரணத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். உடம்பில் கிருமி நுழைந்தால் "எழுந்திரு" என்று ஒரு சேதி போகும். அதை வாங்கிக்கொள்கிற ரிசெப்டர் அந்தப் பெண்ணின் வெள்ளை அணுக்களில் அரைகுறையாகத்தான் இருக்கிறது. டாக்டர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்த அந்த ரிசெப்டரின் பெயரை இவர் இணையத்தில் தேடியிருக்கிறார். எங்கள் கேட்லாக் வந்து நின்றிருக்கிறது. அதே பெயர், எழுத்து மாறாமல். ஸ்டாக் உண்டு.

"உடம்புல இல்லாத சாமான் உங்ககிட்ட இருக்கு. ஒரே ஒரு புட்டி குடுங்க, போதும்" என்றார். அவர் கேட்டதில் குறை சொல்ல எதுவுமில்லை. கடையில் பார்ட்ஸ் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

இது மருந்து இல்லை, தனி ஆட்களுக்கு விற்பதில்லை என்று எங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிற நாலு வரியைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நன்றி சொல்லிப் போனை வைத்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு மறுபடியும் அவர். அதற்கு மறுநாளும். பத்து மணி ஆனால் என் கை தானாகப் போன் பக்கம் போக ஆரம்பித்தது. அவருடைய நம்பர் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. "சார்" என்பது "அண்ணா" ஆனதும் அப்படித்தான், எப்போது என்று தெரியவில்லை.

ஒரு நாள், வீட்டில் ஒரு ஃப்ரீசர் தயார் செய்துகொண்டிருப்பதாகச் சொன்னார். யாரோ வேண்டாமென்று போட்ட பெட்டி. ரெண்டு கம்ப்ரஸரை ஒன்றுக்குப் பின் ஒன்றாக மாட்டி, கேஸ் மாற்றி, மைனஸ் எழுபத்தாறு வரை இறக்கிவிட்டாராம்.

"இன்னும் நாலு டிகிரிதாம்மா. கதவு ரப்பர் புதுசா போட்டா வந்துடும்."

வாங்கவே முடியாத பொருளுக்கு இடம் கட்டிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு மதியமே எங்கள் சயின்டிஸ்ட் மேடத்திடம் போய் நின்றேன். அவரைக் 'குளிர் மேடம்' என்றுதான் ஆபீசில் சொல்வோம். குளிர் அறையிலேயே பாதி நாள் இருப்பதால் வெயில் காலத்திலும் ஸ்வெட்டர்தான். நல்ல மனுஷி. "லைனை எனக்குக் கொடு, நான் பேசறேன்" என்றார்.

மறுநாள் பத்து மணிக்கு ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோம்.

"ரிசெப்டர் செல்லோட தோல்ல குத்தி நிக்கும் சார். பாதி வெளிய, பாதி உள்ள. வெளிப்பாதி சேதியைப் பிடிக்கும், உள்பாதி அதை உள்ளே சொல்லும். நாங்க செய்யறது வெளிப்பாதியை மட்டும். தனியா வெட்டி எடுத்தது."

"முழுசா செய்ய மாட்டீங்களா?"

"முழுசா செஞ்சாலும் ஊசியில போட்டா அது போய்ச் செல்லுல நட்டுக்காது. அந்தந்த செல் தானே செஞ்சுக்கணும்."

"அப்ப இது சென்சார் மட்டும். வயர் இல்லை."

"ஆமா சார். சரியா சொன்னீங்க."

"சென்சார் மட்டும் போட்டா கொஞ்சமாவது..."

குளிர் மேடம் என்னை ஒரு தடவை பார்த்தார். "உங்க பொண்ணுக்கு அது கொஞ்சம் வேலை செய்யுதுன்னு சொன்னீங்க இல்ல? இதை உடம்புல விட்டா ரத்தத்துல சும்மா மிதக்கும். அந்தக் கொஞ்சத்துக்குப் போய்ச் சேர வேண்டிய சேதியையும் வழியிலேயே பிடிச்சு வெச்சுக்கும். இருக்கறதும் போயிடும் சார். இதனால கெடுதல்தான் வரும்."

அந்தப் பக்கம் ஏதோ மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "புரியுது மேடம். இவ்வளவு விளக்கமா யாரும் சொல்லலை" என்றார். குளிர் மேடம் எழுந்து போகும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போனார்.

விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். நாலு நாள் போன் வரவில்லை. ஐந்தாம் நாள் ஒரு கல்லூரியின் லெட்டர்ஹெட்டில் ஆர்டர் வந்தது. அதே ரிசெப்டர், ஒரே ஒரு புட்டி. கல்லூரிகள் ஒரு புட்டி வாங்குவது உண்டுதான். ஆனால் தொடர்புக்கு என்று போட்டிருந்த நம்பர் அவருடையது. கையெழுத்துப் போட்டிருந்தவர் லேப் அட்டெண்டர். தன் மனைவியின் தம்பி ஒரு கல்லூரி லேபில் வேலை பார்ப்பதாக அண்ணன் என்றோ பேச்சுவாக்கில் சொன்னது நினைவுக்கு வந்தது.

விதிப்படி நான் மேனேஜரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் மேனேஜர் கல்லூரிக்கு எழுதுவார், அந்தத் தம்பியின் வேலை போகும். சொல்லாமல் பார்சலை அனுப்பினால் அது எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். அவருக்குப் போன் செய்து, "அண்ணா, தரவே மாட்டோம், இனிமே கேட்காதீங்க" என்று முகத்திலடித்தாற்போல் சொல்லியிருக்கலாம். ரிசீவரைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன்.

கம்ப்யூட்டரில் அந்த ஆர்டருக்கு எதிரே 'ஸ்டாக் இல்லை' என்று போட்டேன். போட்டதும் வழக்கமான கடிதம் தானாகப் போய்விட்டது. புதிய லாட் அடுத்த வாரம் எதிர்பார்க்கப்படுகிறது என்று அதில் ஒரு வரி எப்போதும் இருக்கும்.

பத்து மணிக்கு அவர் கூப்பிட்டார். கல்லூரி பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"ஸ்டாக் இல்லையாமேம்மா?"

"ஆமாண்ணா. தீர்ந்துபோச்சு."

"அடுத்த வாரம் வந்துடுமா?"

"அடுத்த வாரம் பாருங்க."

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கோர்ட்டில் டைப்பிஸ்ட், நாள் முழுக்க மற்றவர்கள் பொய்யை அச்சடிக்கிற வேலை என்று கேலி செய்துகொள்வார். அன்றைக்குக் கேலி செய்யவில்லை. "தர மாட்டோம்னு ஒரே வார்த்தையில முடிச்சிருக்கலாமே" என்றார். "நீங்க அந்தக் குரலைக் கேட்கலை" என்று சொல்லிவிட்டு நான் துணி மடிக்கப் போனேன். ரெண்டு வாரம் ஸ்டாக் இல்லை என்றால் மனுஷன் அலுத்துப்போய் விட்டுவிடுவார் என்பது என் கணக்கு. அடுத்த வாரம் கூப்பிட்டார். அடுத்த வாரம் என்றேன்.

அந்த வாரத்தின் புதன்கிழமை வந்த போனில் பெண் குரல்.

"நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வீட்ல பேசறேன். இந்த நம்பர்லதான் அவர் பேசுவார். உங்களை ஒண்ணே ஒண்ணு கேட்கணும். அந்த மருந்து அடுத்த வாரம் கண்டிப்பா வந்துடுமா?"

"எந்த மருந்து?" என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை.

"ஸ்டாக் இல்லைன்னு சொன்னீங்களே, அது. ஆஸ்பத்திரியில பாப்பாவுக்கு எலும்பு மஜ்ஜை மாத்தணும்னு சொல்றாங்க. என்னோடதே பாதிக்குப் பாதி பொருந்துதாம், அதுவே போதுமாம். போன வாரமே கையெழுத்துக் கேட்டாங்க. இவர்தான் ஒரு வாரம் பொறு, மருந்து வந்துடும்னார். அந்த ஆபரேஷன்ல நாலு பேர்ல ஒருத்தர் தேற மாட்டாங்கன்னு டாக்டரே சொல்லிட்டார். மருந்து வருதுன்னா எதுக்கு அந்த வம்புன்னு இவர் சொல்றார். அவளுக்கு இப்ப காய்ச்சல் இல்லை, கிருமி அண்டாத அந்தத் தனி ரூமும் காலியா இருக்கு, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்கன்னு டாக்டர் கேட்கறார். எனக்கு ஒண்ணும் பிடிபடலை மேடம். வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடுமா?"

ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அக்கா, அது வராது."

"அடுத்த வாரமும் வராதா?"

"எப்பவும் வராதுக்கா. அது மருந்தே இல்லை. லேப்ல சோதனைக்கு வெச்சுக்கறது. உடம்புல போட்டா கெடுதல். எங்க சயின்டிஸ்ட் மேடமே சொல்லியிருக்காங்க. நீங்க கையெழுத்துப் போடுங்க. இன்னிக்கே போடுங்க."

"அப்ப ஸ்டாக் இல்லைன்னது?"

"ஸ்டாக் இருக்கு. நான்தான் இல்லைன்னு சொன்னேன்."

"ஏன்?"

"அவர்கிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலைக்கா."

"வாய் வரலையா" என்றார் அந்த அக்கா. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். லைன் போய்விட்டது.

வியாழன், வெள்ளி பத்து மணிக்குப் போன் இல்லை. திங்கட்கிழமை நானே அவர் நம்பரைச் சுற்றினேன். ஒன்பது வருஷத்தில் நானாக ஒரு வாடிக்கையாளரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"வியாழக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டோம்மா" என்றார். "சனிக்கிழமை காலைல பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்துடுச்சு. காய்ச்சலோட மாத்த முடியாதாம். விடட்டும், பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க. ரூமை வேற குழந்தைக்குக் குடுத்துட்டாங்க."

காய்ச்சல் விடவில்லை. அந்த வாரமே அரை நாள் லீவு போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. போனில் தெரிந்த குரலுக்கு முகம் எப்படி இருக்கும் என்றுகூட யோசிக்கவில்லை. மூன்றாவது மாடி வராந்தாவில், தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஒல்லியான மனுஷன் தலையைச் சாய்த்து மெஷினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். பார்த்ததும் புரிந்துவிட்டது. பெயர் சொல்லவில்லை, ஆபீசின் பெயரைச் சொன்னேன். "வாங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

கண்ணாடி ஜன்னல் வழியாகப் பாப்பாவைக் காட்டினார். மூக்கில் குழாய். ஒரு கையில் ஊசி, மறு கையால் ஏதோ புத்தகத்தின் பக்கத்தைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளித் திருப்பிக்கொண்டிருந்தாள். என்னை நர்ஸ் என்று நினைத்தாளோ என்னவோ, சலைன் பாட்டிலைக் காட்டி "தீரப்போகுது" என்பதுபோல் சைகை செய்தாள். நான் யாரையோ கூப்பிடப் போவதுபோல் ரெண்டு அடி நடந்தேன். நிஜமாகவே ஒரு நர்ஸ் எதிரே வந்துகொண்டிருந்தது நல்லதாயிற்று.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா என்னைக் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். எழுந்து வந்து நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்கதானா அது? நீங்க மட்டும் அன்னிக்கே உண்மையைச் சொல்லியிருந்தா, இவர் முதல் வாரமே கையெழுத்துப் போட்டிருப்பார். ரூம் இருந்துச்சு. காய்ச்சல் இல்லை. எல்லாம் தயாரா இருந்துச்சு." குரலை உயர்த்தவே இல்லை. "உங்களை நம்பித்தானே உட்கார்ந்திருந்தோம்."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏதாவது ஒரு வார்த்தை சொல்வார், சமாதானமாக, "விடும்மா" என்றாவது சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை. அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேனா, மனதுக்குள் நினைத்ததோடு சரியா, ஞாபகம் இல்லை.

குளிர் மேடத்திடம் கேட்டேன். "முதல் வாரமே கையெழுத்துப் போட்டிருந்தா இந்நேரம் தேறியிருப்பாளா மேடம்?"

"தெரியாது. போட்டிருந்தா அந்த ரூமுக்குள்ளேயே காய்ச்சல் வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "நீ கேட்டுட்டே இருக்காதே" என்றார். அதற்குப் பிறகு அவரிடம் கேட்கவில்லை. எனக்குள் கேட்பதை என்ன செய்வது?

பத்தொன்பது நாள் கழித்து, காலை பத்து மணி இல்லை, பதினொன்றரைக்கு, அந்த நம்பர் வந்தது.

"பாப்பா போயிட்டாம்மா. ஞாயித்துக்கிழமை. நெஞ்சு ரெண்டு பக்கமும் அடைச்சிடுச்சு."

இதற்கு எங்களுக்கு யாரும் நாலு வரி எழுதிக் கொடுத்ததில்லை. "அண்ணா" என்று மட்டும் சொன்னேன். பிறகு அடக்க முடியாமல், "அண்ணா, நான் ஒண்ணு சொல்லணும். ஸ்டாக் இல்லைன்னு சொன்னது..." என்று தொடங்கினேன்.

"தெரியும்மா."

"அக்கா சொன்னாங்களா?"

"அவ சொல்றதுக்கு முன்னாடியே தெரியும். நீங்க முதல் தடவை சொன்னப்பவே." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நானும் அந்தத் தொழில்தானேம்மா பார்க்கறேன். கம்ப்ரஸர் செத்துப்போன ஃப்ரிட்ஜைத் தூக்கிட்டு வந்து வெச்சுட்டு ஆசையா நிப்பாங்க. இது தேறாதுன்னு சொல்ல மனசு வராது. பார்ட்ஸ் வரலை, அடுத்த வாரம் பாருங்கன்னு சொல்லி அனுப்புவேன். நீங்க அடுத்த வாரம்னு சொன்னீங்களே, அது அதே குரல். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் அக்காகிட்ட மருந்து வருதுன்னு சொன்னீங்க?"

"பயமா இருந்துச்சும்மா. நாலுல ஒண்ணுன்னு டாக்டர் சொன்னதுலருந்து பேனாவைத் தொடவே கை வரலை. நான் போட்ட கையெழுத்துல என் பிள்ளை போயிட்டான்னு ஆகிடக் கூடாதுன்னு இருந்துச்சு. தள்ளிப்போட ஒரு காரணம் வேணும். நீங்க குடுத்தீங்க. பிடிச்சுக்கிட்டேன்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது இப்போதுதான் எனக்குப் புரிந்தது. கோபம் வந்தது. வந்த வேகத்தில் வைக்க இடமில்லாமல் நின்றது. யார் மேல் வைப்பது? பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து நாலாம் நாள் பேசுகிற மனுஷன் மேலா?

"ஒரு உதவிம்மா" என்றார். "எனக்கு முன்னாடியே தெரியும்ங்கறது அவளுக்குத் தெரிய வேணாம். உங்க மேல கோவமா இருக்கா. எந்நேரமும் அதேதான் பேசறா. அது என் மேல திரும்பிடுச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் ஒரு வீட்ல இருக்க முடியாது. எங்களுக்கு இனிமே வேற யாரும் இல்லை. நீங்க... பொறுத்துக்குவீங்களா?"

பக்கத்து லைன் மின்னிக்கொண்டிருந்தது. யாருக்கோ பார்சல் வரவில்லை.

"சொல்ல மாட்டேண்ணா" என்றேன். வேறு என்ன சொல்வது?

கல்லூரிப் பெயரில் இருந்த அந்த ஆர்டரை ரத்து செய்யச் சொன்னார், செய்தேன். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. வீட்டுக்காரரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். "நீ ஏன் தலையைக் கொடுக்கணும்? ஒரு நாள் நேர்ல போய் அந்தம்மாகிட்ட உண்மையைச் சொல்லு" என்றார். ரெண்டு தடவை செருப்பு மாட்டிக்கொண்டு வாசல் வரை போனேன். உண்மையைச் சொன்னால் என் பாரம் இறங்கும். அந்த வீட்டில் என்ன மிஞ்சும் என்று நினைத்ததும் செருப்பைக் கழற்றிவிட்டேன். ஒரு தடவை உண்மையை மறைத்து ஒரு தப்புச் செய்தேன். இப்போது மறைப்பது சரியா தப்பா என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

போன மாதம் பஸ் ஸ்டாப்பில் அந்த அக்காவைப் பார்த்தேன். கையில் காய்கறிப் பை, ரொம்ப இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரெண்டு பேருக்கும் ஒரே பஸ்தான் போலிருக்கிறது, வந்து நின்றதும் கைப்பிடியைப் பிடித்து ஏறினார். ஏறி, உட்கார்ந்து, ஜன்னல் வழியாக ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் ஏறவில்லை. அடுத்த பஸ் வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அதுவரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.